திசையன் வரைகலையில் உருமாற்றமும் உருத்திரிபும்: உத்திரமேரூர்க் கல்வெட்டெழுத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

திசையன் வரைகலை மென்பொருளில் ஓர் உருவத்தை நகர்த்துதல், சுழற்றுதல், அளவு மாற்றுதல், சாய்த்தல் ஆகியவை உருமாற்றம் எனப்படும். உருவத்தை நெளித்து, முறுக்கி அதன் அமைப்பையே மாற்றுவது உருத்திரிபு. இங்க்ஸ்கேப், கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய மூன்றிலும் இவ்விரு வகைக் கருவிகளும் உள்ளன. இவற்றைக் கற்பிக்கும் பல பாடங்கள் எந்தப் பிடியை இழுப்பது என்பதைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. எந்த மாற்றம் உருவத்தில் எதைக் காக்கிறது, எதை அழிக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

உருமாற்றத்தின் எல்லை

எஸ்விஜி கோப்பில் மேற்கண்ட நான்கு உருமாற்றங்களையும் ஆறு எண்கள் கொண்ட ஓர் அணியால் குறிக்கலாம். இவ்வகை மாற்றத்தில் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். இணைகோடுகள் இணையாகவே இருக்கும். கோணமும் நீள அகல விகிதமும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வளைவுகளாக மாற்றிய ‘ப’ என்னும் எழுத்தை அகலவாக்கில் மட்டும் ஒன்றரை மடங்கு இழுத்தால், நிற்கும் கோடுகள் ஒன்றரை மடங்கு தடிக்கும். அடிக்கோட்டின் தடிமன் மாறாது. நெருக்கினால் ‘ண’வின் சுழிகள் அடைபடும். இடத்தை நிரப்ப எழுத்தை இழுக்கும் பிளெக்ஸ் பதாகைகளில் இக்குறையைக் காணலாம்.

கல்வெட்டில் இதன் விளைவு

பதாகையில் இது அழகுக் குறை மட்டுமே. கல்வெட்டைப் படியெடுக்கும்போது சான்றே கெடும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், குடவோலை முறையைக் கூறும் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றின் காலம் முறையே கி.பி. 919, 921. ஆண்டு தெரிந்த கல்வெட்டின் எழுத்தமைதியே ஆண்டு தெரியாத கல்வெட்டின் காலத்தைக் கணிக்க ஒப்பீடாகிறது. அத்துடன், பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. குறில் நெடில் வேறுபாடும் பல இடங்களில் தெரியாது. ஆகவே எழுத்தின் வடிவையும் சூழலையும் கொண்டே படிக்க வேண்டும். இழுபட்ட படி, அளவுகோலையே மாற்றிவிடுகிறது.

காகிதத்தைக் கல்லின் மேல் ஒற்றி எடுக்கும் மைப்படியில் எழுத்து அதே அளவில் பதியும். ஒளிப்படத்தில் அப்படி இல்லை. கீழிருந்து எடுத்த படத்தில் மேல்வரிகள் குறுகும். சுவரின் இணைகோடுகள் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். இணைகோட்டை இணையாகவே வைத்திருக்கும் சாய்த்தல் கருவியால் இதைச் சரிசெய்ய இயலாது. இதற்குக் காட்சிக்கோணத் திருத்தம் வேண்டும். இங்க்ஸ்கேப்பின் காட்சிக்கோண வசதி வரைந்த பாதைகளுக்கே செயல்படும், ஒளிப்படத்துக்கு அன்று. எனவே படத்தை முதலில் கிம்ப் போன்ற மென்பொருளில் நேராக்கிய பிறகே எழுத்தை வரைய வேண்டும். அப்போதும் உயர அகல விகிதம் தானாகக் கிடைக்காது. படமெடுக்கும்போதே சுவரை ஒட்டி, கிடையாக ஒன்றும் நெடுக்காக ஒன்றுமாக இரண்டு அளவுகோல்களை வைத்திருக்க வேண்டும்.

மதிப்பீடு

மென்பொருளிலும் குறை உண்டு. இங்க்ஸ்கேப்பில் மூலைப்பிடியை இழுத்தாலே விகிதம் மாறிவிடும். கண்ட்ரோல் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் அது நிலைக்கும். கோரல்டிராவில் மூலைப்பிடி விகிதத்தைக் காக்கிறது, பக்கப்பிடி காப்பதில்லை. எதிலும் எச்சரிக்கை வருவதில்லை. எனினும் எண்களை உள்ளிட்டு உருமாற்றும் வசதியும் இவற்றில் உண்டு. எண்ணால் செய்த மாற்றத்தைக் குறித்துவைக்கலாம், பின்னர் திருப்பலாம். கையால் இழுத்ததற்கு அத்தகைய பதிவு இல்லை.

இலச்சினைக்கும் அலங்காரத்துக்கும் உருத்திரிபுக் கருவிகள் பயனுள்ளவை. சான்றாக நிற்கும் உருவத்துக்கு அவை பொருந்தா. மாணவருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது இந்த வேறுபாடுதான்.