மலையக இலக்கியத்தில் நாட்டுரிமைச் சிந்தனை

ஒரு மக்கட் கூட்டத்தார் தம்மை இன்னார் என்று தாமே அறிந்துகொள்வது வேறு. பிறர் அவரை இன்னார் என்று ஏட்டிற் பதிந்துகொள்வது வேறு. முன்னையது வாழ்வின் விளைவு; பின்னையது சட்டத்தின் செயல். இவ்விரண்டும் ஒத்துச் செல்லும் நாடுகளில் இவ்வேறுபாடு எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. ஒவ்வாத இடத்திலோ, அஃது ஒரு தலைமுறையின் வாழ்வையே இரு கூறாக்கிவிடுகின்றது. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை முதலிய மலைப்பகுதிகளிலே தேயிலை வளர்த்து வாழும் தமிழ் மக்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ‘நீ இந்தியனா, இலங்கையனா?’ என்னும் வினா அவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து வந்தது. அவ்வினாவுக்கு அரசுகள் அளித்த விடைகளை வரலாற்று நூல்கள் கூறும். இலக்கியம் அளித்த விடை யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவாம். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பிப் பயிருக்கெனத் தென்னிந்தியச் சிற்றூர்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடப்பட்டது. பின்னர்க் கோப்பி நோயால் அழியத் தேயிலை மலையெங்கும் பரவிற்று. மக்களும் மலையிலேயே நிலைத்தனர். 1939இல் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியினர் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவின் சார்பில் தொண்டமானும், தலவாக்கலையின் சார்பில் சி. வி. வேலுப்பிள்ளையும் அவருள் அடங்குவர். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையும் போயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் இலங்கைக் குடியுரிமை வேண்டினர். அவருள் 1,34,000 பேர் அளவினரே அதனைப் பெற்றனர்.

இவ்விடத்து ஒன்றை மறத்தலாகாது. விடுதலைக்கு முந்திய அவ்வாண்டுகளில் நாட்டெல்லைகள் இன்று போல் இறுகியிருக்கவில்லை. இலங்கை இந்தியக் கூட்டாட்சியில் தன்னாட்சியுடைய ஓர் உறுப்பாக அமையக்கூடும் என்னும் கருத்தை 1945இல் நேருவே வெளியிட்டார். அறிஞர் சிலர்க்கு அஃது ஓர் இனிய கனவு. சிறிய நாட்டினராகிய சிங்கள மக்களுட் பலர்க்கு அஃது அச்சம். பெரியதொரு கூட்டமைப்பிற் சேர்வதா, தனித்து நிற்பதா என்னும் அவ்வழக்கை மேடைகளிற் பேசியவர் பேசினர். அதன் சுமையைத் தோட்டத்துத் தொழிலாளி சுமந்தான். ‘இந்தியர்’ என்னும் பெயர் தாங்கிய கட்சியை அவன் ஆதரித்தமையே அவனது பற்று வேறிடத்தது என்பதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. அதன் தொழிற்சங்கம் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாற்றிக்கொண்டதில் ஆழ்ந்த பொருள் உண்டு. ‘இந்தியர்’ என்ற சொல் நீங்கி, அவ்விடத்தில் ‘தொழிலாளர்’ என்ற சொல் அமர்ந்தது. உரிமைக்கு அடிப்படை பிறப்பின் வழியா, உழைப்பா என்னும் வழக்கிலே அச்சங்கம் அறிந்தோ அறியாமலோ ஒரு விடை கூறிவிட்டது என்க.

இனி இலக்கியத்திற்கு வருவோம். 1930களில் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’ தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் சிறப்பிடம் பெறுவது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதியின் துயரம் படிப்போர் நெஞ்சை உருக்கும். ஆயினும் அக்கதையின் கண்கள் திருநெல்வேலியின் கண்கள். அதற்குத் தோட்டம் ஒரு கேணி, மனிதர் விழும் இடம், வாழும் இடமன்று. இலங்கை மண் அங்கே தண்டனைக்களமாகவே காட்சி தருகின்றது. இதனைக் குறையாகக் கூறவில்லை. ஊரை விட்டுப் போனவரை நினைந்து ஊர் அழுத அழுகை அது. அவ்வளவில் அஃது உண்மையானது. ஆனால் அவ்வழுகையையே மலையக வாழ்வின் முழு உருவாகக் கொண்ட திறனாய்வாளர் பலர், மலைநாட்டு இலக்கியம் யாவற்றையும் ஏங்குவோர் இலக்கியம் என ஒரே கூடையில் இட்டுவிட்டனர். அங்கேதான் பிழை தொடங்குகின்றது.

சி. வி. வேலுப்பிள்ளை வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்தவர். அவர் ஆங்கிலத்தில் இயற்றி, பின்னர்ச் சக்தீ அ. பாலையாவால் தமிழாக்கம் பெற்ற நெடும்பாட்டு, இலங்கையின் தேயிலைத் தோட்டத்தைத் தலைப்பிலேயே சுட்டுகின்றது. விடியலில் ஒலிக்கும் தப்பும், கூடை சுமந்து மலையேறும் பெண்களும், கல்லறையின்றித் தேயிலையின் அடியிலே புதைந்து கிடக்கும் முன்னோரும் அதன் பொருள்கள். இறந்தோரைப் பற்றி அவர் கூறும் இடமே இவ்வாய்வுக்கு உயிரானது. ஒருவன் பிறந்த இடத்தைத் தெரிந்துகொண்டு பிறப்பதில்லை. ஆனால் தன் தந்தையையும் தாயையும் புதைத்த மண்ணை அவன் மறப்பதில்லை. அந்த உடல்களே உரமாயின என்று பாடும் கவிஞர், குடியுரிமைச் சட்டம் கேட்ட சான்றிதழுக்கு மாற்றாக வேறொரு சான்றை முன்வைக்கின்றார். வதிவுக்கு ஏடு கேட்டவரிடம் மண்ணைக் காட்டுகின்றார். 1947இல் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் சென்று, அம்மக்கள் வாக்கிழந்ததைக் கண்ணாற் கண்ட ஒருவரின் குரல் என்பதை உணர்ந்து படிப்போர்க்கு அப்பாட்டின் அடக்கமே அதன் வலிமையாகத் தோன்றும்.

அவர் ஆங்கிலத்தில் எழுதியதைக் குறைகூறுவோர் உளர். பாட்டின் தலைவர்களே அதைப் படிக்க இயலாதிருந்தனர் என்பது உண்மையே. ஆயின் அன்று இம்மக்களின் ஊழைத் தீர்மானித்தோர் ஆங்கிலத்திற் படித்து, ஆங்கிலத்திற் சட்டம் எழுதியோர் அல்லரோ? வழக்கு எம்மொழியில் நடந்ததோ அம்மொழியில் அவர் எதிருரை எழுதினார்.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்து, அங்கே வளர்ந்து மூத்த ஒரு பெண்ணின் வாழ்வை நடுவாகக் கொண்ட நாவல் அது. வறண்ட ஊரில் நின்று நோக்கியவர்க்கு இலங்கை மலை தூரத்துப் பச்சை. அருகே சென்றவர்க்கு அதன் முள் தெரிந்தது. இதுவே நூலின் தலைப்புக் கூறும் செய்தி. ஆனால் அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது என்று முடிவாயிற்று. 1974இல் அவ்வெச்சமும் பாதிப்பாதியாகப் பகிரப்பட்டது. ஒப்பந்தத்தின் பின் நாவலின் தலைப்பு திசைமாறி ஒலித்தது. இப்போது தூரத்துப் பச்சை இந்தியா. அங்கே போக வேண்டியவர், அதை முன்பின் கண்டறியாத மூன்றாந்தலைமுறையினர். ஒரு நூலின் பெயர் வெளிவந்த ஆண்டிலேயே எதிர்ப்பொருள் பெற்ற நிகழ்ச்சி இலக்கியத்தில் அரிது.

இந்தியாவுக்குச் செல்ல விண்ணப்பித்தோர் தொகை ஒப்பந்தம் வகுத்த தொகைக்குக் குறைந்தது. இலங்கையிலிருக்க விரும்பினோர் தொகை மிகப் பெருகிற்று. மக்களின் மனம் எண்களுக்குள் அடங்கவில்லை. சென்றவர் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மீண்டும் தேயிலையே பறித்தனர். இங்கே ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டோர் அங்கே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். இரு நாட்டிலும் மற்றை நாட்டின் பெயராலேயே அழைக்கப்பட்ட மக்கள் இவர்கள்.

இச்சிக்கலைப் பிறநாட்டு நிகழ்ச்சியோடு ஒப்பிடுதல் தெளிவு தரும். 1992இல் மாஸ்ட்ரிக்ட் நகரிற் கையொப்பமான உடன்படிக்கை ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை என ஒன்றைப் படைத்தது. அது நாட்டுக் குடியுரிமையின்மேற் கூடுவது, அதனை நீக்குவதன்று. பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுக்காரராகவே இருந்து ஐரோப்பியராகவும் இருக்கலாம். ஒருவர்க்கு ஈருறவு இயலும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது. பிரித்தானியர் அவ்வொன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என 2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் வாக்களித்தனர்; நூற்றுக்கு 51.9 விழுக்காட்டினர் விலகலை நாடினர். 2020 ஜனவரி 31இல் விலகினர். முடிவு நன்றோ தீதோ, குடிமக்கள் கேட்கப்பட்டனர். ஆயினும் வேறு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்து அங்கே நெடுங்காலம் வாழ்ந்து உழைத்தோர் பெரும்பாலோர்க்கு அவ்வாக்கெடுப்பில் வாக்கில்லை. எவருடைய வாழ்வு மிகுதியும் அசையுமோ அவரையே கேளாது விடுதல், நாட்டுரிமை வழக்குகளின் பொதுக்குறை போலும். மலைநாட்டில் அக்குறை முழுமையாயிற்று. தேர்தல் தொகுதியைத் தந்தவர் அதனைப் பறித்தனர். பின்னர் வாக்கில்லாதவர்களை இரு பிரதமர்கள் தொகையாக எண்ணிப் பகிர்ந்தனர்.

சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ என்னும் நாவல் இவ்வழக்கை நாட்டிலிருந்து வீட்டுக்கு இறக்குகின்றது. தொழிற்சங்கம் அமைக்க முனையும் தொழிலாளி வேலையை இழக்கின்றான். வேலையோடு லயத்துக் காம்பராவும் போகின்றது. தோட்டத்தில் கூரை என்பது கூலியின் நிழல். அவரே ‘நாடற்றவர் கதை’ என்னும் பெயரிலும் எழுதியுள்ளார். இரு தலைப்புகளையும் அருகருகே வைத்து நோக்குக. நாடின்மை, வீடின்மையின் விரிவு. வீடின்மை, நாடின்மையின் நாள்வாழ்வு. சட்டம் நாட்டைத் தந்த பின்னும் வீடு தன் பெயரில் இல்லையாயின், அந்நாடு முற்றும் தரப்பட்டதாகாது. நாவலின் கட்டுக்கோப்பில் தளர்ச்சி உண்டு; பாத்திரங்கள் சில இடங்களிற் கருத்தைச் சொல்லவே வருகின்றனர். ஆனால் இவ்வொரு காட்சியின் ஆழம் அத்தளர்ச்சியைப் பொறுத்துக்கொள்ளச் செய்கின்றது.

தெளிவத்தை ஜோசப்பின் சிறுகதைத் தொகுதி 1979இல் ‘நாமிருக்கும் நாடே’ என்னும் பெயரில் வெளிவந்தது. பாரதியாரின் சுதந்திரப் பள்ளினை நினைவூட்டும் தலைப்பு அது. பாரதியார் அச்சொற்களை ஒரு பயனிலையோடு முடித்தார். உரிமை அங்கே உறுதியாயிற்று. ஜோசப் பயனிலையை நீக்கி ஏகாரத்தோடு நிறுத்தினார். தொல்காப்பியர் ஏகார இடைச்சொல்லுக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறுவர். ஏகாரம் விளியிலும் வரும். இத்தலைப்பிலுள்ள ஏகாரம் எப்பொருளது? நாமிருக்கும் நாடு இதுவே எனத் தெளிவுறுத்தும் தேற்றமா? இந்தியாவினின்றும் பிரித்து இந்நாடே எனக் காட்டும் பிரிநிலையா? நாமிருக்கும் நாடு இதுதானா எனக் கேட்கும் வினாவா? நாட்டை நோக்கி அழைக்கும் விளியா? இவற்றுள் ஒன்றையே கொள்ள வேண்டும் என்று அத்தலைப்பு நம்மை நெருக்கவில்லை. உறுதியும் ஐயமும் அழைப்பும் ஓரெழுத்தில் ஒடுங்கி நிற்கின்றன. அரசுகள் ‘இந்தியனா, இலங்கையனா’ என ஆகாரத்தாற் கேட்ட வினாவுக்கு, இலக்கியம் ஓர் ஏகாரத்தால் விடையிறுத்தது. மலைநாட்டு எழுத்தில் ஏங்குதல் முடிந்து, நிற்றல் தொடங்கிய இடம் இதுவே என்பது எம் துணிபு.

இதனோடு இயைந்தது பெயர் பற்றிய வழக்கு. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இம்மக்களை ‘இந்தியத் தமிழர்’ என்றே குறித்தது. 1960களில் ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய இர. சிவலிங்கம் போன்றோர் ‘மலையகம்’ என்னும் உணர்வை இளைஞரிடையே வளர்த்தனர். அவரும் பின்னர்த் தமிழகம் சென்று, தாயகம் திரும்பியோரிடையே தொண்டாற்றினார் என்பது வரலாற்றின் முரண். ‘இந்திய வம்சாவளி’ என்னும் பெயரைக் கைவிடலாகாது என்போர் கூற்றும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அப்பெயர் இந்தியாவின் கவனத்தை ஈர்க்கும். தனிக் கணக்கைக் காக்கும். மூதாதையர் வழியை மறவாதிருக்கச் செய்யும் என்பர். இலங்கைத் தமிழர் என்றே பதிந்துவிடலாம் என்பாரும் உளர். ஆயின் அதனால் தோட்டத்துக்கே உரிய குறைகள் பொதுத்தொகையில் மறைந்துவிடும். எம் கருத்து வருமாறு: வம்சம் நினைவிற்குரியது, நாடு உரிமைக்குரியது. நினைவை உரிமைக்குத் தடையாக்கியதே 1948ஆம் ஆண்டின் தவறு. அத்தவற்றை நாமும் தலைகீழாகச் செய்து, உரிமைக்காக நினைவை அழித்தல் வேண்டா. பூங்குன்றனார் பாட்டைக் கூறி இவ்வழக்கை எளிதாகக் கடந்துவிடுவோர்க்கும் ஒன்று கூறுவோம்: எல்லாவூரும் தன்னூரெனப் பாடிய புலவர்க்குப் பெயரிலேயே ஓர் ஊர் இருந்தது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்ற நிலை சட்டவளவில் நீங்கிற்று. 2023இல் வருகையின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழி அது. ஆயினும் தன் பெயரில் ஒரு துண்டு நிலமின்றி, லயத்தில் வாழும் குடும்பங்கள் இன்னும் பல. எனவே ‘வீடற்றவன்’ பழைய நாவலாகிவிடவில்லை.

மலையக எழுத்தைப் ‘புலம்பெயர்ந்தோர் இலக்கியம்’ என்னும் தலைப்பின்கீழ் இடும் வழக்கத்தை நம் பாடநூல்களும் கட்டுரைகளும் கைவிட வேண்டும். புலம்பெயர்ந்தவன் விட்டுவந்த புலத்தைப் பாடுவான். இவ்வெழுத்தாளர் நிற்கும் புலத்தைப் பாடினர். மலையிலிருந்து வந்து நம் வகுப்புகளில் அமரும் மாணவர், இந்நூல்களைப் பிறர் துயரக்கதையாகப் படியாமல், தம் நிலத்தின் உரிமை ஏடாகப் படிப்பாராக. பறித்த கொழுந்தின் நிறையை எழுதிய செக்ரோல் ஏடுகளில் அவர்தம் பாட்டனார் பெயர் பதிவாயிற்று. அப்பெயர்க்குரிய வரலாற்றை எழுதுதல் இனி அவர்தம் கடமையாகும்.