எழுத்தறிந்தோரின் மறதி: சயாம் மரண இரயில் புதினங்களை முன்வைத்து

எழுத்தறிவு வளர்ந்தால் அறியாமை தேயும் என்பது கல்வி கற்பிப்போர் பற்றுக்கோடாகக் கொண்டுள்ள நம்பிக்கை. அந்நம்பிக்கையை மலேசியத் தமிழரின் வரலாறு ஓரிடத்தில் ஆட்டங்காணச் செய்கிறது. 1940-களில் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவருள் பெரும்பாலோர் கையொப்பமிட அறியாதவர். பெருவிரல் ரேகை வைத்துச் சம்பளம் வாங்கியவர். ஆயினும், தம் லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யார், திரும்பியவர் யார், திரும்பாதவர் யார் என்பதை அவர்கள் ஒருவர் விடாமல் அறிந்திருந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ பட்டம் பெற்றவர்கள். மூன்று மொழிகளில் எழுதவும் படிக்கவும் வல்லவர்கள். தம் பாட்டனாரின் உடன்பிறந்தார் ஒருவர் சயாம் காட்டில் மாண்டார் என்ற செய்தியே அவர்களுள் பலருக்குத் தெரியாது. படிக்கத் தெரியாதவர் காத்து வைத்திருந்ததைப் படிக்கத் தெரிந்தவர் தொலைத்துவிட்டனர்.

தொலைந்தது சிறிய செய்தியன்று. பர்மாவில் போரிட்ட ஜப்பானியப் படைக்குத் தரைவழியே தளவாடங்கள் கொண்டு செல்வதற்காக, சயாமிலுள்ள பான் போங்கிலிருந்து பர்மாவிலுள்ள தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்கப்பட்டது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17-இல் தண்டவாளங்கள் ஒன்றோடொன்று இணைந்ததோடு முடிந்தது. போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேற்பட்டோர் அதில் உழைத்தனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். மலாயா, பர்மா, சாவகம் முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர் தொகை அதனினும் பன்மடங்கு பெரிது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் சென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர்.

முதலில் நல்ல சம்பளமும் அரிசியும் உண்டு, சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினர். போனவர் திரும்பாததைக் கண்டு மற்றவர் தயங்கியபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டுப் பிடித்துச் சென்றனர். இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கொட்டகைக் கதவுகளை அடைத்து, வந்தவர்களை அப்படியே ஏற்றிச் சென்ற கொடுமையும் நிகழ்ந்தது. 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா அம்முகாம்களில் புகுந்தது. போர்க்கைதிகளுக்குத் தம் படையைச் சேர்ந்த மருத்துவர்களேனும் உடனிருந்தனர். தமிழ்த் தொழிலாளிக்கு அந்த ஆறுதலும் இல்லை. மாண்டவர் எத்தனை பேர் என்று கூறும் மதிப்பீடுகள் பல்லாயிரக் கணக்கில் தம்முள் முரண்படுகின்றன. மாண்ட போர்க்கைதியைப் பெயர் சொல்லித் தேடலாம்; மாண்ட தமிழனை எண்ணிக்கையாகக்கூடச் சரியாகச் சொல்ல இயலவில்லை.

இக்கொடுமையைத் தமிழில் எழுதியவர் இலர் என்று எவரும் சொல்ல முடியாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005-இல் வந்தது. இரண்டாவது புதினத்தின் பெயரே எண்ணத்தக்கது. கல்லால் எழவேண்டிய சின்னம் எழாத நாட்டில், எழுத்தாளன் சொல்லால் ஒன்றை எழுப்பி அதற்கு அப்பெயரையே சூட்டினான் என்று கொள்ளலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம்விட்டும், லயங்கள் இடிபட்டும் போன காலத்தில், பாட்டியின் வாயிலிருந்து பேரனின் செவிக்குச் சென்றுகொண்டிருந்த கதை அறுந்தது. அறுந்த இழையை ஏட்டில் கட்டிவைக்க முயன்றவை இப்புதினங்கள்.

அம்முயற்சியின் அருமையைப் போற்றுவதோடு அதன் இடர்ப்பாட்டையும் உணர்வது திறனாய்வின் கடமை. பிற நாட்டுப் புதின ஆசிரியனுக்கு முன்னால் வரலாற்று நூல்களும் ஆவணங்களும் நாட்குறிப்புகளும் வரிசையாய் நிற்கும். அவன் அவற்றின்மேல் ஏறி நின்று கற்பனையை ஓட விடலாம். ஆஸ்திரேலியப் படை மருத்துவர் எட்வர்ட் டன்லப் முகாம்களில் எழுதிவந்த நாட்குறிப்பு 1986-இல் நூலாயிற்று. அந்நாட்டு எழுத்தாளர் ரிச்சர்ட் ஃபிளனகன் அதே இரயில் பாதையைப் பற்றி எழுதிய புதினம் 2014-இல் புக்கர் பரிசு பெற்றது. மலேசியத் தமிழ் எழுத்தாளனுக்கோ அத்தகைய அடித்தளம் அமையவில்லை. வரலாற்றாசிரியன் செய்யத் தவறிய வேலையையும் அவனே செய்ய வேண்டியிருக்கிறது. செய்தியைச் சொல்லும் கடமையும் கதையைச் சொல்லும் கடமையும் ஒரே தோளில் ஏறும்போது கதை சில இடங்களில் தளர்வது இயல்பே. அத்தளர்ச்சி எழுத்தாளனுடைய குறை என்பதைக் காட்டிலும், அவனுக்கு ஓர் ஆவணத்தையும் சேர்த்துத் தராத சமுதாயத்தின் குறை என்பதே பொருந்தும்.

புனைவின் ஆற்றல் எத்தகையது என்பதை அந்த இரயில் பாதையே காட்டுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-இல் எழுதிய புதினம் 1957-இல் ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் பொருள்படும் பெயரோடு திரைப்படமாயிற்று. படம் பிடிக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துல்கலை. உண்மையில் காஞ்சனபுரிப் பாலத்தின் கீழ் ஓடிய ஆற்றின் பெயர் மே குளோங். படத்தைக் கண்ட பயணிகள் குவாய் நதியைத் தேடி வரத் தொடங்கவே, தாய்லாந்து அரசு 1960-களில் ஆற்றின் அப்பகுதிக்குக் குவாய் என்ற பெயரையே சூட்டிவிட்டது. ஒரு கற்பனைக் கதைக்காக ஓர் ஆறே தன் பெயரை மாற்றிக்கொண்டது. உண்மையைச் சொன்ன புதினங்களுக்காகத் தமிழ்க் குடும்பங்கள் தம் புத்தக அடுக்கில் ஒரு சாண் இடம்கூட ஒதுக்கவில்லை.

மற்றவர்கள் தம் இறந்தோரை எவ்வாறு நடத்தினர் என்பதை நோக்கினால் தமிழரின் மெத்தனம் மேலும் துலங்கும். காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் புல் வெட்டப்பட்டு, பூச்செடி வளர்க்கப்பட்டு இன்றளவும் காக்கப்படுகின்றன. ‘ஹெல்ஃபயர் பாஸ்’ எனப்படும் பாறைவெட்டில் ஆஸ்திரேலிய அரசு அமைத்த அருங்காட்சியகம் 1998-இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1962-இல் சிக்லாப் பகுதியில் ஜப்பானியரால் கொல்லப்பட்டோரின் புதைகுழிகள் வெளிப்பட்டபோது, சீன வர்த்தகச் சங்கத்தார் எலும்புகளைச் சேகரிக்கும் பொறுப்பை ஏற்றனர். அதன் பயனாக 1967 பிப்ரவரி 15-இல் குடிமக்கள் போர் நினைவுச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது. அதன் நான்கு தூண்களும் நான்கு இனத்தாரைக் குறிக்கின்றன. அவற்றுள் ஒன்று இந்தியரைக் குறிப்பது. அத்தூணை அண்ணாந்து பார்த்த தமிழர் எத்தனை பேர், இதேபோல் ஒன்று சயாம் சென்றவர்க்கும் வேண்டும் என்று எண்ணியிருப்பர்? காஞ்சனபுரியில் தமிழர்க்கென ஒரு நடுகல் எழுந்தது அண்மை ஆண்டுகளில்தான். அதனை எழுப்பியவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் வாழ்க. ஆனால் அக்கல்லில் பொறிப்பதற்குரிய பெயர்களைச் சொல்லக் கூடியவர்கள் அதற்குள் மறைந்துவிட்டனர்.

இம்மறதிக்கு ஏழ்மையைக் காரணமாகக் காட்டுவோர் உண்டு. ஏழைகளாக இருந்த காலத்தில்தான் மக்கள் நினைவில் வைத்திருந்தனர் என்பதனால் அக்காரணம் நிற்காது. உண்மைக் காரணம் வேறு. பெருமை தரும் வரலாற்றை ஏற்று, துயரம் தரும் வரலாற்றை ஒதுக்கும் மனப்பாங்கே அது. சயாமில் தண்டவாளங்கள் இணைந்த நாள் 1943 அக்டோபர் 17. சிங்கப்பூர்க் கத்தே அரங்கில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்த நாள் அக்டோபர் 21. இரண்டுக்கும் இடைவெளி நான்கே நாட்கள். இரண்டிலும் பங்குகொண்டவர்கள் அதே தோட்டத் தமிழர்கள். சயாமுக்குத் தப்ப எண்ணிப் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. நேதாஜியின் படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டிய சமுதாயம், காட்டில் மாண்ட தன் அண்ணன் தம்பியின் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. நேதாஜியைப் போற்றியது தவறன்று. ஒன்றைப் போற்றியதோடு கடமை முடிந்ததெனக் கருதியதே தவறு.

அரசியலிலும் முன்னுரிமை அவ்வாறே தடம் மாறியது. 1946 மார்ச்சில் நேரு மலாயாவுக்கு வந்தபோது ஊர்தோறும் மக்கள் திரண்டனர். தலைவர்களின் கண்கள் அப்போது இந்திய விடுதலையின்மீது இருந்தன. அதே மாதங்களில்தான் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்கள் லயங்களில் வந்து ஒடுங்கினர். கணவரை இழந்த பெண்கள் பால்வாளி தூக்கினர். அந்நாளில் தோட்டந்தோறும் ஒருவர் ஏடும் எழுதுகோலும் எடுத்துச் சென்று, செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து, திரும்பாதவர் பெயரை எழுதியிருந்தால் போதும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. 1967-இல் ஜப்பானிய அரசு மலேசியாவுக்கு 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்களை ஈடாகத் தர உடன்பட்டது. குடும்பந்தோறும் உரிமை கேட்டு நிற்பதற்குத் தமிழர் கையில் அப்போதும் ஒரு பட்டியல் இல்லை. பெயர்ப் பட்டியல் இல்லாத மக்களின் துயரம் எந்த அரசின் கணக்கிலும் ஏறுவதில்லை.

எழுத்துலகம் இப்பழியிலிருந்து விலகி நிற்க முடியாது. நூல் வெளியீட்டு விழாக்களை நினைத்தால் போதும். மண்டபம் நிறைகிறது. மாலையும் பொன்னாடையும் மாறி மாறி ஏறுகின்றன. அரசியல் பெருமகனார் முதல் படியைப் பெருந்தொகை கொடுத்துப் பெறுகிறார்; கைதட்டல் எழுகிறது. அவர் வாங்கிய படியின் பக்கங்களை எவரும் புரட்டுவதில்லை. மேடையில் பேசுவோர், “கண்ணீர் வரவழைக்கும் காவியம்” என்று ஒரே சொல்லால் எல்லா நூலையும் அளந்து முடிக்கின்றனர். எந்தப் பகுதி உண்மையோடு ஒட்டுகிறது, எது மிகை, எந்த முகாம் சொல்லப்படவில்லை, பெண்களின் பாடு எவ்வளவு பேசப்பட்டது என்று வினவுவாரில்லை. கண்ணீர் எளிது, கேள்வி கடினம். கேள்வி கேட்கப்படாத புதினம், பூசை முடிந்த கோயில்போல் அன்றே அடைக்கப்பட்டுவிடுகிறது.

செய்ய வேண்டியது இனியேனும் உண்டா? உண்டு. சயாமிலிருந்து மீண்டவர்கள் ஏறக்குறைய அனைவருமே மறைந்துவிட்டனர். ஆனால் அவர்களின் மக்கள் எழுபதைத் தாண்டிய வயதில் இன்னும் இருக்கின்றனர். தந்தை சொன்னதைக் கேட்டவர்கள் அவர்கள். தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம், “உன் தாத்தாவிடம் சயாமைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதி வா” என்று சொல்வதற்குப் பாடத்திட்டத்தின் அனுமதி வேண்டியதில்லை. ஆசிரியரின் விருப்பம் போதும். பாட்டனார் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, திரும்பினாரா என்னும் நான்கு செய்திகள் அந்த ஒரு பக்கத்தில் இருந்தால் அதுவே ஆவணம். மலேசியாவில் இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பள்ளிக்கு ஒரு பெயர் கிடைத்தாலும் 500 பெயர்கள் இருளிலிருந்து மீளும். எழுத்தாளர் சங்கங்கள் அவற்றைத் திரட்டி அச்சேற்றட்டும். அடுத்துச் சயாமைப் பற்றி எழுதப்போகும் எழுத்தாளன் வெறுங்கையோடு உட்காரமாட்டான்.

இப்புதினங்கள் வாசகரின் இரக்கத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல. காட்டில் விழுந்தவன் யாருடைய அண்ணன், யாருடைய தகப்பன் என்று அவை கேட்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை அவ்வினாவுக்கு லயத்து வாசலில் அமர்ந்தபடியே விடை சொல்லியது. எழுத்தறிந்த தலைமுறை இன்னும் விடை சொல்லவில்லை.