‘ஹிச்கி’யும் மலையக வகுப்பறையும்

நோயுற்றோரைக் கலை எவ்வாறு காட்டுகின்றதோ அவ்வாறே சமுதாயமும் அவர்களைக் காணப் பழகிவிடுகின்றது. தமிழ்த் திரைப்படங்களில் திக்குவாய் நகைப்புக்கும் மனநோய் அச்சத்துக்கும் கருவியானமை யாவரும் அறிந்ததே. இந்நிலையில், சித்தார்த் பி. மல்ஹோத்ராவின் நெறியாள்கையில் 2018இல் வெளிவந்த ‘ஹிச்கி’ என்னும் ஹிந்தித் திரைப்படம் தனித்து நோக்கத்தக்கது. ‘ஹிச்கி’ என்பதன் பொருள் விக்கல்.

ரூறெற் நோய்க்குறி உடைய நைனா மாத்தூர் என்னும் ஆசிரியை, வசதிபடைத்தோர் பயிலும் பாடசாலையொன்றில், சேரிப்பிள்ளைகள் நிறைந்த வகுப்பைப் பொறுப்பேற்று வெற்றி காண்பதே கதை. ராணி முகர்ஜி ஆசிரியையாக நடித்துள்ளார். இருபத்து நான்கு பாடசாலைகளால் மறுக்கப்பட்டு, இருபத்தைந்தாவதில் இடம்பெற்ற அமெரிக்க ஆசிரியர் பிரட் கோஹனின் தன்வரலாறே இதற்கு மூலம்.

1885இல் பிரெஞ்சு மருத்துவர் ஜில் த லா ரூறெற் ஒன்பது நோயாளரைக் கொண்டு இந்நோய்க்குறியை விவரித்தார். கண் சிமிட்டல், தோள் குலுக்கல், முகச்சுளிப்பு போன்ற அசைவுகளும், செருமல், உறுமல் போன்ற ஒலிகளும் இச்சையின்றி எழுந்து ஓராண்டுக்கு மேல் நீடிப்பதே இதன் இலக்கணம். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதளவில் தோன்றிப் பத்து முதல் பன்னிரண்டு வயதளவில் உச்சமடைகின்றது. அதாவது, பெற்றோர்க்கு அடுத்தபடி இதனைக் காண்பவர் ஆசிரியரே. கெட்ட வார்த்தைகள் தாமாக வெளிப்படுதலே இதன் அடையாளம் என்பர் பலர். உண்மையில் அது சிறுபான்மையினரிடம் மட்டுமே உண்டு.

படத்தின் உயர்ந்த கட்டம் நைனாவின் இளமைக்கால நினைவில் வருகின்றது. சிறுமியை மேடைக்கு அழைக்கும் அதிபர், அவளுக்காகப் பாடசாலை செய்யத்தக்கது யாதென வினவுகின்றார். ஏனைய மாணவரைப்போல் தன்னையும் நடத்தினால் போதும் என்கின்றாள் அவள். மருந்தோ பணமோ வேண்டாத ஒரு வினா ஒரு வாழ்வையே திருப்பிவிடுகின்றது. கல்வியாளர் இப்படத்திலிருந்து ஒன்றையே கொள்ள முடியுமாயின், இக்காட்சியைக் கொள்ளலாம்.

ஆயினும் படத்தின் குறைகளும் சிறியன அல்ல. முதலாவது, நோயின் இயல்பை அது முழுமையாகக் காட்டவில்லை. இவ்வசைவுகள் நாளுக்கு நாள் கூடும், குறையும், வடிவம் மாறும். பிள்ளை முயன்றால் சிறிது நேரம் அடக்கவும் கூடும்; பின்னர் அவை மிகுந்து வெளிப்படலாம். “நினைத்தால் நிறுத்துகிறானே, பின் ஏன் செய்கிறான்?” என்னும் ஆசிரியரின் ஐயம் இங்கேதான் பிறக்கின்றது. தண்டனைக்கு வேராகும் இவ்வையத்தைப் படம் போதிய அளவு தொடவில்லை. இரண்டாவது, நைனாவின் மதிப்பு அவளது அரிய சாதனையால் நிறுவப்படுகின்றது. அவ்வாறாயின், சாதனை எதுவும் புரியாத சாதாரணப் பிள்ளைக்கு மதிப்பில்லையா? மனித மாண்பைப் பரிசாக்குவது கலையின் பெருந்தவறு.

இக்கேள்வி பண்டாரவளைத் தோட்டப்புறங்களில் இன்னும் கூர்மை பெறுகின்றது. பனியும் குளிரும் மிக்க அம்மலைகளில் ஓயாத செருமல் தடிமலெனக் கொள்ளப்படக்கூடும். தோட்ட மருந்தகத்தில் அதற்கு மருந்தும் கிடைக்கும். கண்ணும் கழுத்தும் வெட்டியிழுப்பின் காற்றுக்கருப்பு என்று கோடாங்கியை நாடும் வழக்கமும் உண்டு. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்கு, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்வது ஒருநாட் சம்பளத்தை இழப்பதாகும். இந்நிலையில் ஆசிரியர் ஒருவரே உண்மையை முதலில் உணரத்தக்கவர். அவரும் அதனைக் குறும்பென்று கொண்டால் பிள்ளைக்கு வேறு புகலில்லை. உடற்றண்டனையைத் தடைசெய்து 2005இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. பிரம்பைத் தடுக்கும் சுற்றறிக்கை, “குரங்குச் சேட்டை” என்னும் ஏளனத்தைத் தடுத்துவிடாது.

ஆசிரிய பயிற்சியில் இந்நோய்க்குறி ஒரு பாடமாக இடம்பெற வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற நிறுவனங்கள் இதற்கு ஏற்ற களங்கள். பிள்ளை வகுப்பிலிருந்து சற்று வெளியே சென்று வர இசைதல், பரீட்சையில் மேலதிக நேரம் அளித்தல், அசைவைக் கண்டும் காணாதிருத்தல், சக மாணவர்க்கு உண்மையை விளக்குதல் ஆகியன பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. பழக்கமாற்றுப் பயிற்சியும், தேவையாயின் மருந்தும் துணைபுரியும் என்பதைத் தோட்ட வைத்திய உதவியாளரும் அறிதல் வேண்டும்.

‘ஹிச்கி’ கலைநயத்தில் ஓர் உன்னதப் படைப்பன்று. எனினும் அதிபரின் அந்த ஒரு வினாவுக்காக அது நினைக்கப்படும். அவ்வினா பண்டாரவளையின் வகுப்பறையொன்றில், தன் கழுத்தை அடக்க முடியாது தலைகுனிந்து நிற்கும் ஒரு பிள்ளையை நோக்கிக் கேட்கப்படும் நாளிலேயே படத்தின் பயன் நிறைவுறும்.