புள்ளிக்காகக் கேட்கிற காது

கல்லூரியில் இசை ரசனையை விருப்பப் பாடமாக எடுக்கிற பிள்ளைகளுக்கு மூத்த மாணவர்கள் சொல்லித்தரும் யோசனைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பட்டியலில் உள்ள ஒலிப்பதிவுகளின் முதல் அரை நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேள். ஒவ்வொரு ராகத்தோடும் ஒரு சினிமாப் பாட்டை முடிச்சுப் போட்டு வை. பாடலாசிரியர் பெயர், காலம், முத்திரை மூன்றையும் அட்டையில் எழுதி உருப்போடு. வகுப்புக்கு மட்டம் போடாதே. இவ்வளவையும் செய்தால் ‘ஏ’ நிச்சயம் என்கிறார்கள். நிச்சயம்தான், கிடைக்கிறது. இந்த யோசனைகள் பலிக்கின்றன என்பதே அந்தப் பாடத்தின் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு.

பாடமே வீண் என்று சொல்ல வரவில்லை. பெயர் தெரியாமல் இசையைப் பற்றி நாலு வார்த்தை பேச முடியாது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் யானிலோ குவார் செம்பெடாக்கிலோ வளர்ந்த பிள்ளைக்குச் சபா கிடையாது, மார்கழிக் கச்சேரி கிடையாது. அந்தப் பிள்ளை தியாகராஜர் பெயரை முதலில் கேட்பது வகுப்பறையில்தான் என்றால் அதுவும் ஒரு வாசல்தான். ஒரு விரிவுரையாளர் எண்பது பேருக்குப் புள்ளி போட வேண்டியிருக்கிறது, வேலையைச் சுலபமாக்க அவர் வழி தேடுவதும் நியாயமே. ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் சேர்ந்தும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை: அந்தத் தேர்வில் காதுக்கு என்ன வேலை?

மேளகர்த்தா என்னும் தாய் ராகங்கள் பற்றிய பகுதியையே எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளத் திட்டம் மனித மூளையின் அழகான சாதனைகளில் ஒன்று. பின்னால் வந்தவர்கள் ராகத்தின் பெயருக்குள்ளேயே அதன் எண்ணை ஒளித்துவைத்தார்கள். மேசகல்யாணி என்ற பெயரில் முதல் எழுத்து ‘மே’. எழுத்துக்கு எண் தரும் கடபயாதிக் கணக்கில் அதற்கு 5. அடுத்த ‘ச’வுக்கு 6. திருப்பிப் போட்டால் 65. எண் 36ஐத் தாண்டிவிட்டதால் பிரதி மத்யமம். 65இல் 36 போனால் 29, அது தீரசங்கராபரணம். ஆகவே இரண்டு ராகத்துக்கும் மத்யமம் ஒன்றில்தான் வேறுபாடு. விடை முழுவதும் சரி, முழுப் புள்ளி உண்டு. இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கும்வரை ஒரு சுரம்கூட ஒலிக்க வேண்டியதில்லை. சங்கராபரணத்தையோ கல்யாணியையோ வாழ்நாளில் கேட்டிராத ஒருவரும் இதை எழுதிவிடலாம். அந்த ஒரு மத்யமம் ஏறியதும் ராகத்தின் முகமே எப்படி மாறுகிறது என்று தேர்வு கேட்பதில்லை.

கேட்டு அடையாளம் காணும் பகுதி இதைவிட மேல் என்பார்கள். அதில் ஒலிப்பதிவு ஓடுகிறது, உண்மை. ஆனால் மாணவர் என்ன செய்கிறார்? காதில் விழுந்ததை ஒரு சினிமாப் பாட்டோடு ஒப்பிடுகிறார். ‘சின்னக் கண்ணன்’ மாதிரி இருந்தால் ரீதிகௌளை, ‘ஜனனி’ மாதிரி இருந்தால் கல்யாணி. பொருந்தியதும் பேனாவை எடுக்கிறார். அந்தக் கணத்தில் கேட்பது நின்றுவிடுகிறது. மிச்சமுள்ள ஒலிப்பதிவு அவருக்குத் தேவையில்லை. ரசனை எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே தேர்வு முடிகிறது. ஒரு செமஸ்டர் முழுக்க இப்படிப் பழகிய காது, பெயர் கிடைத்ததும் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகிவிடுகிறது. சினிமாப் பாட்டை நான் குறை சொல்லவில்லை. அதை வெறும் சாவியாக்கி, கதவு திறந்ததும் எறிந்துவிடுவதைத்தான் சொல்கிறேன்.

இந்த முறை எங்கே உடைகிறது என்று பார்க்க ஆரபியையும் தேவகாந்தாரியையும் அருகருகே வைத்தால் போதும். இரண்டுக்கும் ஆரோகணம், அவரோகணம் ஒன்றே. ஏட்டில் எழுதினால் வித்தியாசம் தெரியாது. ஆரபி விறுவிறு என்று நிமிர்ந்து நடக்கும். தேவகாந்தாரி சுரங்களை இழைத்து, நின்று, நிதானித்து வரும். வேறுபாடு முழுவதும் நடையிலும் கமகத்திலும் பிடிகளிலும் இருக்கிறது. அதைச் சொல்லத் தெரிந்தவர் உண்மையில் கேட்டவர். பெயரை மட்டும் சரியாக ஊகித்தவரையும் அவரையும் விடைத்தாள் ஒரே தட்டில் வைக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் கெடாவின் சிறுபட்டணங்களில் சீனர்கள் பேய்த் திருநாள் கொண்டாடுவார்கள். மேடை போட்டுக் கூத்தும் நடக்கும். எர்ஹூ என்ற சீன வில்வாத்தியம் இழுக்கும் மெட்டுகளில் பல ச ரி க ப த என்ற ஐந்து சுரத்துக்குள் அடங்கிவிடும். நம் பாடத்தில் ‘ஏ’ வாங்கிய பிள்ளை அதைக் கேட்டால் ‘மோகனம்’ என்று எழுதும். சுரக் கணக்குப்படி சரி, இசைப்படி தவறு. மோகனத்தை மோகனமாக்குவது அந்த ஐந்து சுரம் மட்டுமல்ல. எதில் நிற்பது, எதை அசைப்பது, எங்கிருந்து எங்கே வழுக்கி இறங்குவது என்ற பழக்கங்களே அதை ஆக்குகின்றன. சீன மெட்டுக்கும் அதற்கே உரிய பழக்கங்கள் உண்டு. இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று காட்டுவதைவிடச் சிறந்த ரசனைப் பாடம் ஜெராய் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கிடைக்காது. பாடத்திட்டமோ இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

இன்னோர் உதாரணம்: அலோர் ஸ்டாரில் பாலாய் நோபாட் இருக்கிறது. கெடா அரச இசைக்குழுவின் செருனாய், நஃபிரி, கெண்டாங் எல்லாம் அங்கேதான் காக்கப்படுகின்றன. செருனாயும் நம் நாதஸ்வரமும் சீவாளி வைத்து ஊதும் குழல்கள், இரண்டும் மங்கல வேளையில் ஒலிப்பவை. பட்ரீசியா மாதுஸ்கியும் டான் சூயி பெங்கும் எழுதி 2004இல் ஆங்கிலத்தில் வந்த ‘மலேசிய இசை’ நூலில் இந்நாட்டு மரபுகள் பலவும் ஒரே அட்டைக்குள் அடங்கியிருக்கின்றன. கோயிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த பிள்ளை செருனாய்க்கும் நாதஸ்வரத்துக்கும் உள்ள உறவைத் தன் காதாலேயே பிடிக்கும். சாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரி, நாலு தெரு தள்ளி இருப்பவருக்கும் சேதி சொல்கிறது என்பது தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்வு அந்தப் பிள்ளையிடம் கேட்பது ‘மல்லாரி எந்த ராகம்?’ என்பதுதான். ‘கம்பீர நாட்டை’ என்றால் இரண்டு புள்ளி.

உறுமி வாசிக்கும் இளைஞனின் நிலை இன்னும் மோசம். ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறும வைக்கிறான். மறுமுகத்தில் அடி விழுகிறது. ஊர்வலத்தின் நடுவே அடி மாறும்போது கூட்டம் முழுக்க வேகம் மாறுகிறது. அதை முன்கூட்டியே உணரும் காது அவனுக்கு இருக்கிறது. இசை ரசனை வகுப்பில் அந்தக் காதுக்கு மதிப்பு சுழியம். அடுத்த நாற்காலியில் கடபயாதி மனப்பாடம் செய்தவன் முதல் மாணவன்.

இது புதிய நோயும் அல்ல. அமெரிக்காவில் இசைக்குழு நடத்துநர் வால்டர் டாம்ராஷ் 1928 முதல் 1942 வரை வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை ரசனை வகுப்பு நடத்தினார். அதை ஆராய்ந்த மெய்யியலாளர் தியோடர் அடோர்னோ, ஒரு மெட்டை இன்னதென்று கண்டுகொண்ட மகிழ்ச்சியை இசை கேட்ட மகிழ்ச்சியாக மாற்றிவிடுகிறார்கள் என்று கண்டித்தார். இசையமைப்பாளர் வர்ஜில் தாம்சன் 1939இல் இன்னும் கடுமையாக, இந்தத் தொழிலையே ஒரு மோசடி என்று எழுதினார். மேல்தட்டு மனிதர்களின் முணுமுணுப்பு என்று அவர்களை ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர்கள் சுட்டிய வியாதியை நம் பாடத்திட்டங்கள் மருந்தென்று நினைத்து வாங்கிவந்திருக்கின்றன.

‘எண்பது பேர் வகுப்பில் வேறு எப்படித் திருத்துவது?’ என்பது கடைசி அரண். திருத்தலாம். 1985இல் வந்த ‘சிந்து பைரவி’ படத்தில் தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கிருதியை, வழக்கமான காம்போதியை விட்டுச் சாரமதியில் அமைத்தார் இளையராஜா. ‘எந்த ராகம்?’ என்று கேட்டால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். காம்போதியில் ஒரு பதிவையும் படத்துப் பதிவையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, அதே சொற்களுக்கு என்ன நேர்ந்தது என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ராகப் பெயர்களைக் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுங்கள். பத்து வரியைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும். எண்பது தாளுக்கு ஒரு மாலைப் பொழுது.

அந்த மாலைப் பொழுதைச் செலவழிக்க மனமில்லாத கல்லூரி, பாடத்தின் பெயரை மாற்றி ‘இசைப் பொது அறிவு’ என்று வைத்துக்கொள்ளட்டும். அதில் ‘ஏ’ வாங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ரசனை என்ற பெயரில் புள்ளி கொடுப்பதாக இருந்தால், பெயர் தெரிந்த பிறகும் தொடர்ந்து கேட்பவருக்கே அது போக வேண்டும்.