பெயரில் இல்லாத வேலை

வேப்பூர் கூட்டுரோட்டில் சென்னை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது டீக்கடைக்காரர் கேட்டார்: ''மெட்ராஸுக்கா சார்? நம்ம ஜில்லா தண்ணியைத்தான அங்க குடிக்கிறீங்க. ஏரியை யாரு பாத்துக்கறா?''

அதற்குள் பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். நீங்கள் சென்னைவாசி என்றால், அது உங்களையும் சேர்த்துக் கேட்ட கேள்வி.

அவர் சொன்னது வீராணத்தை. பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய ஏரி. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்து நிரம்பும். காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்து வயல்களுக்குப் பாயும். 2004 முதல் சுமார் 230 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்கும் போகிறது. திட்டமிட்ட அளவு தினம் 18 கோடி லிட்டர். 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் கைகொடுத்தது வீராணம்.

இப்போது, தண்ணீர் எடுப்பவரின் முழுப் பெயரைப் படியுங்கள்: சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம். 1978-ல் பிறந்தது. வழங்குவது ஒரு வேலை, அகற்றுவது இன்னொரு வேலை. காப்பது? பெயரிலேயே இல்லை!

ஏரியும் கூவமும் அடையாறும் நீர்வளத் துறைக்கு. மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி வனத்துறைக்கு. பாகப்பிரிவினை சுத்தமாக முடிந்துவிட்டது. வண்டல் சேர்ந்து ஏரி மேடாகிறதா? குழாய்க்காரருக்குக் கவலையில்லை. ஆற்றில் சாக்கடை கலக்கிறதா? பக்கத்து ஆபீஸில் கேளுங்கள்!

மெல்பர்ன் நகரத்தில் மொத்தமாகத் தண்ணீர் தரும் நிறுவனத்துக்கே ஆறு, ஓடை, ஈரநிலங்களைப் பராமரிக்கும் பொறுப்பும் உண்டு. ஜனங்களின் தண்ணீர் பில்லில் அதற்கென்று தனிக் கட்டணம். அவர்களுடைய வெரிபீ கழிவுநீர்ப் பண்ணை, ராம்சார் பட்டியலில் இருக்கிற பறவைகள் புகலிடம். பள்ளிக்கரணைக்கும் 2022-ல் அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தது, பல வருஷம் குப்பை கொட்டித் தீர்த்த பிறகு.

வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. நம் ஊர்க் குடிமராமத்து இதைத்தான் சொன்னது: எவன் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதோ, அவன் மண்வெட்டியோடு வரவேண்டும். அந்தக் கணக்குப்படி சென்னையும் இன்று வீராணத்தின் ஆயக்கட்டுதாரர்தான். மதகிலிருந்து 230 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற, தண்ணீர் குறைந்தால் வயலோடு போட்டி போடுகிற ஆயக்கட்டுதாரர். வரவேண்டிய மண்வெட்டியை மட்டும் காணோம்.

தண்ணீர் வரியோடு ஏரிப் பராமரிப்புக்கு ஒரு சிறு தொகை தனியாக வாங்கட்டும். அது எங்கே செலவானது என்ற கணக்கு, காட்டுமன்னார்கோவில் விவசாயி படிக்கிற மாதிரி ஏரிக்கரையில் பலகையில் இருக்கட்டும். கொடுக்க நீங்கள் தயாரா? நான் தயார்.

அடுத்த முறை வேப்பூரில் டீ குடிக்கும்போது, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.