கட்டாக்காலிக்கு எதற்குக் கோத்திரம்?

நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிப் பேச்செடுப்பவர்கள் இப்போதெல்லாம் இரண்டாம் வாக்கியத்திலேயே ‘அரிய மரபினம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்றாம் வாக்கியம் போர்த்துக்கேயரில் ஏறி ஒல்லாந்தரில் இறங்கும். பிறகு யோசனை வரும்: இங்கிலாந்தின் எக்ஸ்மூரிலும் இந்தியாவின் மார்வாரிலும் செய்வதுபோல் இந்த இனத்துக்கும் ஒரு பதிவேடு திறப்போம், வல்லுநர்களை வரவழைத்து ஒவ்வொரு குதிரையையும் மதிப்பிடுவோம், தேறியவற்றுக்குச் சான்றிதழ் கொடுப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை.

பதிவேட்டின் பயனை நான் மறுக்கவில்லை. கோப்பில் ‘கட்டாக்காலி’ என்று எழுதினால் அது தொல்லை; ‘மரபினம்’ என்று எழுதினால் சொத்து. பெயரில்லாத விலங்குக்கு எந்தத் திணைக்களமும் பணம் ஒதுக்காது. எக்ஸ்மூர் மட்டக்குதிரைகள் இரண்டாம் உலகப்போரின் முடிவில் ஏறக்குறைய 50 ஆகக் குறைந்திருந்தன. அங்கிருந்து அவை மீண்டதில் 1921இல் தொடங்கிய சங்கத்துக்கும் அதன் ஏட்டுக்கும் பங்குண்டு. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

என் வழக்கு அந்த ஏடு கேட்கும் கேள்வியோடு. ‘உன் தகப்பன் யார், நீ பார்க்க எப்படி இருக்கிறாய்’ என்றே அது கேட்கும். 1791இல் இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்கென வெளியான வம்சப் பதிவேடு தொட்டு வரும் பழக்கம் இது. பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடொல்பின் அரேபியன் என்று மூன்று ஆண் குதிரைகளின் பெயரை உலகமே ஒப்பிக்கும். அவற்றோடு சேர்ந்த பெண் குதிரைகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நெடுந்தீவின் வெல்லை வெளியில் கூட்டமாய்த் திரியும் குதிரைகளிடம் இந்தக் கணக்குச் செல்லாது. குட்டி எந்தத் தாயின் பின்னால் ஓடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். தகப்பன் ஊகம்தான்.

அந்த ஊகத்தைத்தான் போர்த்துக்கேயக் குருதி, அரேபியக் குருதி என்று பெருமையாய் நிரப்புகிறார்கள். இந்தக் கடலுக்குக் குதிரை வந்த கதை போர்த்துக்கேயரோடு தொடங்கவில்லை. நயினாதீவு அம்மன் கோயிலிலுள்ள பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டுக்குரியது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு என்று அது விதி வகுக்கிறது. சட்டம் போடும் அளவுக்கு அருகிலுள்ள ஊர்காவற்றுறைக்குக் குதிரை வந்து இறங்கியிருக்கிறது. பின்னால் ஒல்லாந்தர் நெடுந்தீவில் வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி தீவைப் பார்த்துக்கொண்டார். சாராப்பிட்டியில் முருகைக்கல்லால் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. இத்தனை கைகள் மாறிய குருதியில் எந்தத் துளியை மரபு என்று வடித்தெடுப்பது? (ஒல்லாந்தர் நம் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம், வேலணை லைடன். ஒட்டியது நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் ஒன்றுதான். குதிரைக்கும் அதே பெயரை ஒட்டத்தான் இந்த அவசரமோ என்று சில வேளை தோன்றும்.)

லாயம் பாழடைந்த பிறகு இந்தக் குதிரைகளைத் தெரிவு செய்தது எந்த அதிகாரியுமல்ல, ஆவணி வெயில். வாடைமழை வரும்வரை புல் கருகிவிடும், கேணிகள் வற்றிவிடும், பூவல்களில் நீர் உவர்க்கும். அதைத் தாங்கியவை குட்டி போட்டன. தாங்காதவை வெளியில் எலும்பாய்க் கிடந்தன. இந்த மரபைப் பதியக்கூடிய கட்டம் எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இல்லை.

படிவத்தில் இருப்பது உயரம். நான்கு அங்குலத்தை ஒரு கை என்று வைத்து அளப்பார்கள். உலக வழக்கில் 58 அங்குலத்துக்குள் நின்றால் மட்டக்குதிரை, அதைத் தாண்டினால் குதிரை. வறண்ட ஆண்டில் பால் வற்றிய தாய்க்குப் பிறந்த குட்டி வளர்ந்தும் குள்ளமாகவே நிற்கலாம். அந்த அங்குலக்கோல் அளப்பது குருதியையா, அந்த ஆண்டின் மழையையா? உடற்கட்டுக்கு மதிப்பெண் போடும் நாளும் அப்படித்தான். தை மாதம் வருகிற வல்லுநருக்குத் திரண்ட பின்புறம் தெரியும். ஆவணியில் வந்தால் அதே குதிரையின் விலாவை எண்ணலாம். நிறத்தைச் சொல்லவே வேண்டாம். எக்ஸ்மூரில் உடம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் தேறாது. அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் நெற்றிச் சுட்டியோடு பிறந்ததே குற்றமாகிவிடும்.

ஓர் ஆவணியில் குறிகாட்டுவானில் வள்ளமேறிப் போயிருந்தேன். நீர்த்தொட்டியருகே மெலிந்த பழுப்புக் குதிரை ஒன்று குட்டியோடு நின்றது. எந்த நடுவரும் முதல் சுற்றிலேயே தள்ளிவிடக்கூடிய உருவம். பக்கத்தில் நின்ற முதியவர் சொன்னார்: “அது வலு கெட்டிக்காரி, தம்பி. தண்ணி எங்க கிடக்கெண்டு அதுக்குத்தான் தெரியும். மற்றதெல்லாம் அதுக்குப் பின்னாலதான் வரும்.” நான் கேட்ட மதிப்பீடுகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

தள்ளப்பட்டவை என்ன ஆகும் என்பதை எந்த யோசனைக்காரரும் சொல்வதில்லை. எண்ணிக்கையை 500 என்பார் உண்டு, 1,000 என்பார் உண்டு. அதில் பாதி தேறினால் மறுபாதி என்ன? இன்றைக்கு எல்லாமே கட்டாக்காலி என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி. நாளைக்குச் சான்றிதழ் உள்ளதற்குத் தண்ணீரும் வைத்தியரும். இல்லாததைப் பிடித்துக்கொண்டு போனாலும் கேள்வியில்லை. அதைப் பதிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழித்துக் கட்டல். கடுமையாகப் பேசுகிறேன் என்றால் பேசிவிட்டுப் போகிறேன்.

கனடாவின் சேபிள் தீவிலும் இப்படித்தான் சில நூறு குதிரைகள் கைவிடப்பட்டுக் காட்டுத்தனமாய்த் திரிகின்றன. 1960களின் தொடக்கத்திலிருந்து சட்டம் அவற்றைக் காக்கிறது. 2007 தொட்டு ஆய்வாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாய்ப் படமெடுத்து, அடையாளம் கண்டு, பிறப்பையும் இறப்பையும் குறித்து வருகிறார்கள். தேறியது தேறாதது என்ற பிரிவு அந்தக் குறிப்பில் இல்லை. நெடுந்தீவில் 2015இல் 1,846 ஹெக்டேயரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தாயிற்று. எல்லை போட்டதால் மட்டும் கேணியில் நீர் ஊறாது. தொட்டியருகே ஒரு கொப்பி போதும். நெற்றிச் சுட்டி எப்படி, எந்தக் காலில் வெள்ளை, எந்தக் குட்டி யாருடையது, ஆவணியில் எது வந்தது, மார்கழியில் எது வரவில்லை. எழுத ஊரிலேயே ஆளுண்டு. உயரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டுமென்றால் போடட்டும், அளந்த மாதத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டு.