ஆளில்லாத கரை

கேம்பர் வேனில் தனுஷ்கோடிக்குப் போகிற வீடியோக்களை நானும் விடாமல் பார்க்கிறவன்தான். பெரும்பாலும் ஒரே ஷாட்: கதவைத் திறந்தால் கடல், ஆளே இல்லாத கரை. 1964 புயலில் அழிந்த ஊருக்கு ‘பேய் நகரம்’ என்று தலைப்பு. அங்கேயே குடிசை போட்டு மீன் பிடிப்பவர்கள் ஃபிரேமுக்கு வெளியே நிற்கிறார்கள். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ படித்தவர்களுக்குத் தெரியும், கடலுக்குப் போனவனுக்குக் கரை என்பது உயிரோடு திரும்ப வேண்டிய வீடு. வேனுக்கு அது ஜன்னல் காட்சி.

சரி, இதுல என்ன தப்பு? நான் மேலூர்க்காரன். 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, எங்கள் அரிட்டாபட்டியும் யாருக்கோ வெறும் பாறைதான். ஊர் ஊராகத் திரண்ட பிறகே, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஓர் இடத்தில் ஆளில்லை என்று நம்பிவிட்டால் அதை எடுத்துக்கொள்வது ரொம்பச் சுலபம்.